கொஷ்ஷும் ஐயோவும்

03.03.2025, திங்கள்

பிரதேச செயலகத்திலிருந்து கடிதம் வந்தது. என் விடுமுறையை ஏப்ரல் முடியும்வரை நீட்டித்திருக்கிறார்கள். ‘மேற்படி விடயம் தொடர்பாக நன்றி’ என்று ஆயிரம் கடிதம் எழுதிய கை இது. இன்றுதான் அந்தச் சொல்லை மனதார எழுதினேன்.

இவருக்குப் பாரிசவாதம் வந்து இருபத்தாறு நாள். வலக்கால் மெல்ல ஊன்றுகிறது. வலக்கை மடியில் கிடக்கிறது. பேச்சுத்தான் இல்லை. முப்பது வருஷம் இங்கிலீஷ் படிப்பித்த மனுஷன், பெயரும் வாகீசன். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: ஐயோ. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஐயோ, ஃபேனை நிற்பாட்டு என்றாலும் ஐயோ. நான் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறேன்.

உயிரோடு இருக்கிறார். அதற்கே நன்றி.

07.03.2025, வெள்ளி

இவருடைய அக்கா, மீனாம்பிகை மச்சாள், சாவகச்சேரியிலிருந்து தோடம்பழத்தோடு வந்தா. விளக்கு வைக்கிற நேரம். தமக்கையைக் கண்டதும் இவருக்கு முகமெல்லாம் மலர்ந்து, வாயிலிருந்து வந்தது “ஐயோ, ஐயோ!”

மச்சாளுக்கு முகம் கறுத்துவிட்டது. “தம்பி, வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம் உந்தச் சொல்லு வேண்டாம். முருகா எண்டு சொல்லு.” பிறகு குசினிக்குள் என்னிடம்: “கமலா, ஐயோ எண்டிறது யமன்ரை பெண்சாதியின்ரை பேர். திரும்பத் திரும்ப அவளைக் கூப்பிட்டால், ஏனெண்டு கேட்கப் புருஷன் வருவான். நீர்தான் பார்த்து நிப்பாட்ட வேணும்.”

எனக்கும் தெரியாததா? சின்ன வயதில் அதைச் சொன்னதற்காக அம்மா என் உதட்டில் சுண்டியிருக்கிறா. உள்ளதைச் சொன்னால் மச்சாளைவிட எனக்குத்தான் பயம் கூட. ஒருமுறை வாசல்வரை வந்து போனவனை யார் திரும்பக் கூப்பிடுவார்கள்? அவ போனபிறகு, இவர் வாயெடுக்கும்போதெல்லாம் உதட்டில் என் விரலை வைத்தேன்.

11.03.2025, செவ்வாய்

ஒரு யோசனை வந்தது. திடுக்கிட்டால் இவர் எப்போதும் சொல்லும் இங்கிலீஷ் சொல் ‘கொஷ்’. கரண்ட் பில் வந்தால் கொஷ், ஒன்பதாம் வகுப்பின் விடைத்தாளைத் திருத்தினால் கொஷ். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வைத்த பட்டமே கொஷ் சேர்.

கல்யாணம் முடித்த புதிதில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். “அது கடவுளின்ரை ஒளிச்ச பேர்” என்றார். “கடவுளின்ரை பேரை வீணாய்ச் சொல்லக்கூடாதெண்டு வெள்ளைக்காரங்கடை சமயத்திலை கட்டளை. ஆனால் திடுக்கிட்டால் முதல் வாயிலை வாறது அந்தப் பேர்தானே. ‘கொட்’ எண்டு துவங்கி, பாதியிலை பயந்து, ‘கொஷ்’ எண்டு முடிச்சுப்போட்டாங்கள். இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாய் உப்பிடித்தான். நீர் ஐயோவை முருகாவாக்கிறீரே, அதைப்போலை.”

அவர்கள் பக்தியில் ஒளித்தார்கள், நாங்கள் பயத்தில் ஒளிக்கிறோம் என்று சொல்லிச் சிரித்தார்.

அப்படியானால் ஐயோவுக்குப் பதிலாகக் கொஷ்ஷே வரட்டுமே. முன்னால் இருந்து, “கொஷ் சொல்லுங்கோ” என்றேன். என் வாயையே உற்றுப் பார்த்தார். உதட்டைக் குவித்தார். காற்றுத்தான் வந்தது. பத்துத் தரம் கேட்டிருப்பேன். கடைசியில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். போதும் என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

16.03.2025, ஞாயிறு

மூன்று நாளாக ஐயோ இல்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

19.03.2025, புதன்

ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். பேச்சுப் பயிற்சி தருகிற பிள்ளை, தர்சிகா, “அங்கிள் வீட்டிலை என்ன சொல்லுறார்?” என்று கேட்டாள். முதலில் ஐயோ சொன்னார், நல்லகாலம், இப்போது நின்றுவிட்டது என்றேன். எப்படி நின்றது என்று கேட்டாள். விரல் வைத்ததைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவள் பேனையை மேசையில் வைத்தாள்.

“அன்ரி, யோசிச்சுச் சொல்லுற சொல்லு வேறை, தானாய் வாறது வேறை. கொஷ் எண்டு சொல்லச் சொன்னால் அவர் யோசிக்க வேணும், அது இப்ப ஏலாது. திடுக்கிட்டால் வாறது, தேவாரம், ஒண்டு ரெண்டு எண்ணுறது, உதுகள்தான் முதல் திரும்பும். அவருக்குத் திரும்பினது உந்த ஐயோ ஒண்டுதான்.”

“நான் அதை நிப்பாட்டிப்போட்டன்” என்றேன்.

“ஓம். இனிச் சொல்ல விடுங்கோ. இன்னும் பிந்தேல்லை எண்டு நினைக்கிறன்.”

நினைக்கிறாளாம். நிச்சயம் என்று சொல்லவில்லை.

நான் என்ன செய்துபோட்டன்? அந்த மனுஷனுக்கு இருந்தது ஒரே ஒரு சொல்லு — அதையும் நான் விரலாலை பொத்தினன். பசிச்சாலும் அதுதான், நொந்தாலும் அதுதான், அக்காவைக் கண்ட சந்தோஷத்துக்கும் அதுதான். பிறகு போய்த் தேங்காயும் உடைச்சன். எதுக்கு உடைச்சனான்?

ஆனாலும் அந்தப் பிள்ளை என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். வாசல்வரை வந்து ஓட்டோவில் ஏற்றிவிட்டாள். அவள் நன்றாக இருக்கவேண்டும்.

20.03.2025, வியாழன்

இவருக்கு முன்னால் இருந்து நானே சொன்னேன். ஐயோ. அம்மா உதட்டில் சுண்டிய நாளுக்குப் பிறகு, ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாகச் சத்தமாக. நாக்கு கூசியது. இவர் என்னைப் பார்த்துவிட்டு, தன் இடக்கை விரலைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று தலையாட்டினார்.

நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

26.03.2025, புதன்

ஒன்றுமில்லை. நான் மட்டும் நாள் முழுக்க ஐயோ, ஐயோ. பக்கத்து வீட்டில் என்ன நினைக்கிறார்களோ.

29.03.2025, சனி

கோழிக்கூட்டுத் தகரத்தில் தேங்காய் விழுந்தது. வெடி விழுந்த மாதிரிச் சத்தம். கதிரையில் இருந்தவர் துள்ளி, “ஐயோ!” என்றார்.

சொல்லிவிட்டுப் பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று தெரியவில்லை. யமன் பெண்சாதியாக இருந்தாலும் பரவாயில்லை, அவளுக்கும் நன்றி.

14.04.2025, திங்கள்

வருஷப் பிறப்பு. மருத்துநீர் வைத்து முழுகவார்த்து, புது வேட்டி கட்டிவிட்டேன். கைவிசேஷக் காசை இடக்கையால்தான் தந்தார். இடக்கையால் தந்தால் வாங்கக்கூடாது என்பார்கள். நான் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பதினொரு மணிபோல மச்சாள் பலகாரத்தோடு வந்தா. கண்டதும் இவர் “ஐயோ” என்றார். மச்சாள் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டா.

“கமலா, வருஷப் பிறப்பண்டைக்குமோ?”

“ஓம் மச்சாள், சொல்லட்டும்” என்றேன். “உங்களைக் கண்ட சந்தோஷத்திலை சொல்லுறார். அவருக்கு இப்ப அது ஒண்டுதான் இருக்கு. நாங்கள் அதையும் பறிச்சனாங்கள்.”

தர்சிகா சொன்னதை அப்படியே சொன்னேன். அவ கோபித்துக்கொண்டு போவா என்றுதான் நினைத்தேன். பலகாரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தம்பிக்குப் பக்கத்தில் போய் இருந்தா. பிறகு அவருடைய கையைப் பிடித்து, மெல்ல, “ஐயோ தம்பி” என்றா. எழுபது வயது மனுஷி. அவவுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

20.04.2025, ஞாயிறு

ஒன்று, இரண்டு, மூன்று. நான் துவங்க, நான்கு என்று இவர் முடித்தார். தர்சிகாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

27.04.2025, ஞாயிறு

உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து, “இஞ்சாரும்! சோறு!”

“பொறுங்கோ, எனக்கென்ன நாலு கையோ?” என்று எரிந்து விழுந்தேன். இரண்டு சட்டையை அலசிப் பிழிந்தும் போட்டேன். மூன்றாவதை எடுக்கும்போதுதான் கை நின்றது.

இந்த மனுஷன் ஒருநாளும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து இஞ்சாரும்தான். எண்பத்தொரு நாளைக்குப் பிறகு கூப்பிட்டிருக்கிறார், நான் ஏசியிருக்கிறேன்.

ஈரக்கையோடு ஓடினேன். குசினி முழுக்கப் புகை, சோறு அடிப்பிடித்துக் கரியாகியிருந்தது. இவர் ஒரு பக்க வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னொருதரம் சொல்லுங்கோ என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் வராது.

மத்தியானம் பேக்கரிப் பாண்தான். வெட்டிக்கொண்டிருக்கும்போது மறுபடி கூப்பிட்டார். திரும்பிப் பார்க்காமல் “ஓம், சொல்லுங்கோ” என்றேன். அவசரப்படுத்தாமல், பாணை வெட்டிக்கொண்டே நின்றேன்.