எதையும் நிறுத்தாத கயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயாடித் தங்கை எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன். போனில் சொன்னால் அத்தான் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், அதனால்தான் கடிதம்.

அத்தான் மேலாளராக இருந்து திருத்திவிட்டுப் போன கார் ஆலை நன்றாகவே திருந்தியிருக்கிறது. சுவரெல்லாம் 'தரம், தரம்' என்று எழுத்து. கேண்டீனில் இரண்டாவது டீ கேட்டால் மட்டும் 'தரமாட்டோம்'. வீண்செலவைக் குறைக்கிறோம் என்று ஆளைக் குறைத்தார்கள். ஆலை இளைத்தது, அப்பாவும் இளைத்துவிட்டார்.

குறை கண்டால் யாரும் இழுத்து வேலையை நிறுத்தலாம் என்று அத்தான் ஒரு கயிறு கட்டினாரே. தணிக்கைக்காரர்கள் வந்த அன்று, பெயின்ட் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகாமல் மழைநீர்க் கால்வாய்க்குப் போவதை அப்பா பார்த்தார். இழுத்துவிட்டார். அத்தானே கைகுலுக்கினார், போட்டோ மாட்டினார். அடுத்த வாரம் அப்பாவைப் பார்வையாளர் அறைக்கு மாற்றினார். பிறகு பதவி உயர்வு வந்து நீங்கள் தலைமையகத்துக்குப் போய்விட்டீர்கள்.

அந்த அறையில் என்ன வேலை என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கேயும் ஒரு கயிறு தொங்குகிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முன்னால் அப்பா அதை இழுக்க வேண்டும். மணி அடிக்கும். "எங்க ஆலையில தப்பைச் சொல்றவனுக்குத்தான் மரியாதை" என்று சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கார்கள் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கும். கயிறு திரிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சம்பளம் கொடுத்துத் திரிக்க வைப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். கால்வாய்த் தண்ணீர் ஒருநாள் நீலம், ஒருநாள் சிவப்பு. இன்று என்ன நிறக் கார் என்று பாலத்தில் நின்றே சொல்லிவிடுவேன்.

நான் சும்மா இருப்பேனா? சமையலறையில் ஒரு கயிறு கட்டி, 'உப்பு கூடினால் இழுக்கவும்' என்று எழுதித் தொங்கவிட்டேன். அம்மா கரண்டியோடு துரத்தினாள். அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். ஸ்டூல் போட்டு ஏறி முடிச்சை அவிழ்த்தார்.

பழைய வேலையைக் கேளுங்களேன், மாப்பிள்ளைதானே என்றேன். "நான் இங்க கேட்டா, அவ அங்க பதில் சொல்லணும்டி" என்றார். அம்மாவும் வாயைத் திறக்கவில்லை.

வருகிற திங்கள் வெளிநாட்டு விருந்தினர்களை அத்தானே அழைத்து வருகிறாராம். அப்பா முகக்கண்ணாடி முன் நின்று பேசிப் பழகுகிறார். "வாங்க சார்" என்கிறார். நிறுத்திவிட்டு "வாங்க மாப்பிள்ளை" என்கிறார். மறுபடி "சார்".

வேலையை மாற்றித் தரச் சொல்லி நீ கேட்க வேண்டாம் அக்கா. அன்றைக்கு மட்டும், அந்த அறைக்கு விருந்தினர்களோடு அத்தான் போகாமல் வேறு யாரையாவது அனுப்பச் சொல். அதுவும் அவர் நல்ல மனநிலையில் இருந்தால் சொல். இல்லாவிட்டால் விட்டுவிடு. நீ அங்கே நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டில் இன்னும் வாயைத் திறக்கிற ஒரே ஆள்