என் தோளின் மேல் உன் முகம்

கோட்டை மூடியிருந்த பொலித்தீன் உறையைக் கிழித்ததும் அந்த மணம் குபீரென்று வந்தது. ட்ரைகிளீனிங் கடைக்காரர்கள் என்ன மருந்தைப் போடுகிறார்களோ தெரியாது, இருபத்தேழு வருடமாக அதே மணம்தான். அடியே, எனக்கு அது உன்னுடைய மணம். நீ இருந்த காலத்தில் உன்னில் பவுடரும் தேங்காயெண்ணெயும்தான் மணக்கும். இந்த மணம் நீ போன பிறகு வந்தது.

கோட்டு மகளுடையது. அவளுக்கு இது பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம். முடித்துப் போகிற பிள்ளைகளைத் தனித்தனியாக இருத்திப் படம் எடுக்கப் போகிறார்கள் என்றும், கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சேட்டும் போட்டு, முகத்தில் முடி விழாமல் வரவேண்டும் என்றும் பள்ளிக்கூடத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. இரண்டு கிழமையாக வீட்டில் இதே கதைதான். எந்தப் பக்கம் திரும்பினால் மூக்குச் சின்னதாகத் தெரியும், சிரிப்பதா விடுவதா என்று கண்ணாடியோடு பேச்சுவார்த்தை நடக்கிறது.

கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் முன்வாசல் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். நான் படியில் நின்று பார்த்தேன். கதவின் நிழல் விழுந்து கண்ணாடியில் அவளுடைய முகம் தெரியவில்லை. கழுத்துக்குக் கீழே மட்டும் தெரிந்தது: வெள்ளைக் கொலர், கறுப்புக் கோட்டு, சற்றே இறங்கிய இடது தோள். உன் வீட்டுச் சுவரில் இருக்கிற படம் இறங்கி என் வீட்டுக்குள் வந்து நின்றது.

"அம்மா, வை ஆர் யூ லுக்கிங் அற் மீ லைக் தற்?" என்றாள் மகள்.

"ஒண்டுமில்லை, நேரா நில்" என்றேன்.

நமக்கும் ஒரு கோட்டு இருந்தது. ஒன்றே ஒன்று. லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் பழைய சாமான் விற்கிற கடையில் இருவருமாகச் சேர்ந்து வாங்கினோம். ஆம்பிளைப் பிள்ளைக்குத் தைத்த கோட்டு, பொத்தான் மாறிக் கிடந்தது. "படத்திலை ஆர் பொத்தானைப் பாக்கப்போகினம்?" என்று நீ அடித்துப் பேசினாய். பெயர் வரிசைப்படி உன்னை முதலில் கூப்பிடுவார்கள், எனக்கு அரை மணித்தியாலம் கழித்து. நீ படம் எடுத்துவிட்டு ஓடி வந்து கழிவறையில் கழற்றித் தரவேண்டும், நான் போட்டுக்கொண்டு ஓடவேண்டும். இதை நாங்கள் இரண்டு தரம் ஒத்திகை பார்த்தோம். லண்டனுக்கு வந்து மூன்று வருடம், இங்கிலீஷ் வாயில் முழுதாக ஏறவில்லை, ஆனால் படத்தில் மட்டும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் குறைந்துவிடக் கூடாது.

பஸ் கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பழகினாய். "பல்லுத் தெரியக் கூடாதடி. பல்லுத் தெரிஞ்சால் கலியாணத்துக்கு ரெடி எண்டு அம்மா ஊரெல்லாம் படத்தை அனுப்பிப்போடுவா" என்றாய். பின்சீட்டுக் கிழவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை தலையிடி என்று படுத்தாய். செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியில் போய்விட்டாய். மூளைக்காய்ச்சல் என்றார்கள். வியாழக்கிழமை படம்.

நான் போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் இருந்திருந்தால் உன்னைப் பற்றி நினைக்க வேண்டி வந்திருக்கும். பட்டியலை வைத்திருந்த பெண்ணுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, உன் பெயரைக் கூப்பிட்டாள். ஒருவரும் அசையவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். யாரோ போய் அவளுடைய காதுக்குள் சொன்னார்கள். கொஞ்ச நேரம் அந்த இருக்கை வெறுமனே இருந்தது, பிறகு பெயர் வரிசையைப் பாராமல் என்னைக் கூப்பிட்டார்கள். போய் இருந்தேன். இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல. விளக்குச் சூடு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் உன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. "பிள்ளை, ஒரு உதவி வேணும். அன்ரிக்குச் சொல்லக் கூடாது" என்றார். உன் அம்மாவை நான் அன்ரி என்றுதானே கூப்பிடுவேன்.

செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க உன் படம் ஒன்று இல்லை. ஊரில் எடுத்ததெல்லாம் ஊரோடு போயிற்று. பஸ் பாஸில் ஒட்டியிருந்த சின்னப் படம் ஒன்றுதான், அதிலும் கழுத்தில் முத்திரை குத்தியிருந்தது. கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற ஒருவர் டூட்டிங்கில் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் ஸ்ரூடியோ வைத்திருந்தார், ஞாபகம் இருக்கிறதா? அவரிடம் உன் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "முகம் இருக்கு, கீழை ஒண்டும் இல்லை. அவவின்ர வயசிலை ஒரு பிள்ளை வந்து இருந்தால் சரி" என்று அந்த ஸ்ரூடியோக்காரர் முன்பே உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் இருந்தேன். சிரிப்பதா என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"முகம் தேவையில்லைத் தங்கச்சி. கழுத்தை மட்டும் நேரா வையுங்கோ" என்றார் அவர்.

அவர் கொம்பியூட்டரில் வேலை செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. முதலில் என் முகத்தை அழித்தார். நெற்றி போனது, கண் போனது, வாய் போனது. கொலருக்கு மேல் வெறுமை. தேநீர் குடிக்க எழுந்து போய்விட்டார், அது அப்படியே திரையில் இருந்தது. எனக்குக் கையால் முகத்தைத் தடவிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, தடவினேன். பிறகு அவர் வந்து உன்னைக் கொண்டுவந்து வைத்தார். நீ கச்சிதமாகப் பொருந்தினாய். உன் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என்ர பிள்ளைதான், என்ர பிள்ளையேதான்" என்றார். பள்ளிக்கூடத்தில் முந்தியே எடுத்த படம் என்று அன்ரிக்குச் சொன்னார். கோட்டையும் கேட்டு வாங்கி, ட்ரைகிளீனிங் கொடுத்து எடுத்து, உனக்குப் போட்டுவிட்டார். பெட்டிக்குள் நீ நான் போட்ட கோட்டோடு கிடந்தாய், படத்தில் நான் உன் முகத்தோடு இருந்தேன். குனிந்து கும்பிட்டபோது அந்த மணம் மூக்கில் ஏறியது.

அதற்குப் பிறகு உன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் படத்துக்கு முதுகு காட்டித்தான் இருப்பேன். அன்ரி விளக்கேற்றுகிற நேரத்தில் எனக்குப் பிடரி குளிரும். நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது என்று என்னை நானே அதட்டிக்கொள்வேன், ஆனாலும் குளிரும். உன் அப்பா ஒன்பது வருடத்துக்கு முன் போய்ச்சேர்ந்தார். அதன் பிறகு இந்த இரகசியத்தைக் காவிச் சுமக்க நான் ஒருத்திதான். சொன்னால் அன்ரியிடமிருந்து உன்னுடைய ஒரே படத்தையும் பறித்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் அவ வேறொருத்தியின் தோளைப் பார்த்து அழுதுகொண்டே காலத்தை முடிப்பா. இரண்டில் எது பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. பயந்தாங்கொள்ளிக்கு வசதியானது சொல்லாமல் விடுவது, அதைச் செய்தேன்.

இப்போது அன்ரி ரெலிபோன் எடுத்து, "படத்துக்கு முதல் உடுப்போடை பிள்ளையை ஒருக்காக் கொண்டுவந்து காட்டு, ஆசையாக் கிடக்கு" என்றா. மழை என்றேன், ட்ராம் ஓடவில்லை என்றேன். மகள்தான் விடவில்லை. "அன்ரி ஆசையாக் கேட்டவ. வீ ஹாவ் ரு கோ, அம்மா" என்றாள்.

சனிக்கிழமை பின்னேரம் போனோம். வெளிச்சம் யன்னல் பக்கத்தில்தான் நன்றாக இருந்தது, மகள் போய் அங்கே நின்றாள். சுவரில் அவளுக்கு மேலே படத்தில் நீ. ஒரே கொலர், ஒரே தோள், இரண்டு முகம். அன்ரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தா. மகள் வழக்கம்போல இறங்கிய தோளைத் தூக்கி நிமிர்த்தினாள்.

"விடு குஞ்சு, இயல்பா விடு. அது கொம்மாவின்ர தோள். நல்ல தோள்தான்" என்று அதை மெல்ல அழுத்திவிட்டா. பிறகு, "மேலை போய் மாத்திக்கொண்டு வா, கோட்டுக் கசங்கிப்போடும்" என்று அவளை அனுப்பிவைத்தா.

மாடிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அன்ரி எழுந்து போய்ப் படத்தின் கண்ணாடியில் விரலை வைத்தா.

"இதுவும் உன்ர தோள்தான்" என்றா.

கையிலிருந்த தேநீர் என் மடியில் கொட்டியது. சுட்டதுகூடத் தெரியவில்லை.

"எப்ப தெரியும், அன்ரி?"

"பெட்டியடியிலை பாத்த உடனை. பதினெட்டு வருஷமாத் தலை துவட்டிவிட்ட கழுத்து, பெத்தவளுக்குத் தெரியாதோ?"

"ஏன் சொல்லேல்லை?"

"அந்த மனுசன் எனக்காண்டிச் செய்தது. நீயும் எனக்காண்டித்தானே போய் இருந்தனி. நீங்கள் ரெண்டுபேரும் மறைச்சியள், நானும் மறைச்சன்."

நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். அன்ரி அதைக் காதில் வாங்கவில்லை. "செத்தவீட்டிலை நான் ஏன் மாலையைப் பிடுங்கி எறிஞ்சனான் எண்டு நினைச்சனி?" என்று கேட்டா.

அது நடந்ததுதான். யாரோ ஒரு மாமா உன் படத்துக்கு மாலை போட, அன்ரி கத்திக் குழறிக்கொண்டு பாய்ந்து அதை அறுத்து எறிந்தா. நீ செத்ததை அவவால் ஏற்க முடியவில்லை என்று சனம் பேசியது, நானும் அப்படித்தான் நம்பினேன்.

"உயிரோடை நிக்கிற பிள்ளை. அவளின்ர கழுத்திலை செத்தவைக்குப் போடுற மாலை. பக்கத்திலை நீ பச்சைப்பிள்ளை மாதிரி நிண்டு அழுறாய். பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியோ?"

அப்போதுதான் நான் திரும்பி, இருபத்தேழு வருடத்தில் முதல் தரம் அந்தப் படத்தை நேரே பார்த்தேன். மாலை இல்லை. கீழே தட்டில் ஒற்றைப் பூ மட்டும்.

"ஒருக்கா மட்டும் பயந்தனான். நீ உவளைப் பெறக் கிடந்து மூண்டு நாள் கஷ்டப்பட்டனி எல்லே, அப்ப. காலமை எழும்பிப் பாக்கிறன், கீழை வைச்ச பூ கண்ணாடியிலை ஏறி, கழுத்துக்கு நேரை ஒட்டிக்கொண்டு கிடக்கு. எடுத்துப்போட்டு, 'விடு பிள்ளை, அவள் இருக்கட்டும்' எண்டு சொன்னனான். பின்னேரம் நீ பெத்திட்டாய் எண்டு ரெலிபோன் வந்தது."

நீயா, காற்றா என்று நான் உன்னிடம் கேட்கப்போவதில்லை. எதைச் சொன்னாலும் எனக்கு நித்திரை வராது.

"இப்ப மாலையைப் போடுங்கோ அன்ரி. எனக்குப் பயமில்லை" என்றேன். பொய்தான், ஆனால் சொன்னேன்.

"உனக்குப் பயமில்லாட்டி என்ன? மேலை உன்ர பிள்ளை நிக்குது, அவளுக்குத் தாய் வேணும்."

"அப்ப முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வேறை படமாச் செய்விப்பம்."

அன்ரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "என்ர பிள்ளையின்ர கழுத்தை நான் வெட்டுறதோ?" என்றா.

மகள் இறங்கி வந்தாள். அன்ரி அவளுக்கு வடை கொடுத்தா, எனக்குத் துடைக்கத் துவாய் கொடுத்தா. படத்துக்குப் பல்லுத் தெரியச் சிரிக்கச்சொல்லி மகளிடம் சொன்னா. திங்கட்கிழமை அவள் அப்படியே சிரித்திருக்கிறாள், படம் நேற்று வந்தது, நன்றாக இருக்கிறாள்.

நான் சமையலறையில் இருந்து இதை எழுதுகிறேன். அன்ரிக்கு எழுபத்தொன்பது வயது. எனக்கு நாற்பத்தைந்து. அவ கையால் உனக்கு ஒரு மாலை விழவேண்டுமென்றால், அவவுக்கு முந்தி நான் போகவேண்டும். எனக்குப் பிரஷர் இல்லை, சீனி இல்லை, போன மாதம்தான் ரத்தம் சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். மகளும் இன்னும் சின்னப்பிள்ளை. கோபிக்காதேடி. பெற்ற தாயிடம் நீ மாலை வாங்கப்போவதில்லை, நான் உயிரோடு இருக்கிறேன்.