மூடி போடாத ஹாட்பாக்

இன்று காலை நம் மகள் ஊருக்குக் கிளம்பும்போது, இட்லி எடுத்துப்போக ஹாட்பாக்கைத் தேடி எடுத்தாள். மூடி கடையில் வாங்கிய அன்றுபோலப் பளபளக்கிறது. உள்ளே பார்த்தால் ஒரே கத்திக் கீறல். "இன்னாப்பா இது, இட்லி வெக்கற டப்பாவ யாராவது கத்தியால நோண்டுவாங்களா?" என்றாள். வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள், நாம் இதில் அடித்த கூத்து அவளுக்குத் தெரியாது. வேறு டப்பாவில் இட்லியை வைத்து அனுப்பிவிட்டு, இதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் தொடங்கியபோது டாக்டர் ஆயிரம் பத்தியம் சொன்னார். உப்பை விட்டாய், பழத்தை விட்டாய். தண்ணீரைக் குறைப்பதுதான் உன்னால் முடியவில்லை. திருவள்ளூர் வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள நீ படுத்துக் கிடந்தாய். நானோ காக்களூரில் இரும்பு உருக்கும் உலைமுன் நிற்பவன். குடம் குடமாகக் குடித்தாலும் ஏன் என்று கேட்பாரில்லை. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

வாயில் அடக்கிக்கொள்ள ஐஸ் கட்டி தரலாம் என்றார் நர்ஸம்மா. ட்ரேயில் வைத்து எடுத்தேன். நடுவில் வெள்ளை வெளேரென்று இருந்தது. "வாயில போட்டதும் பொடிப்பொடியா பூடுதுய்யா, நாக்குக்கே எட்டல" என்றாய். தண்ணீரைக் காய்ச்சி வைத்தால் தெளிவாக வரும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். காய்ச்சினேன். இரண்டு தடவை காய்ச்சியும் பார்த்தேன். வெள்ளை போகவில்லை, எனக்கு ஆத்திரம் வந்து ட்ரேயைத் தொட்டியில் வீசினேன். நீதான் ஒரு கட்டியைப் பொறுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"நாலா பக்கமும் குளிரு வந்து அமுக்கினா, உள்ள கீற காத்து எங்கதான் போவும்? நடுவுல வெள்ளையா நின்னுடும். ஒரு பக்கத்துலேந்து உறைய வுட்டு பாருய்யா."

அப்போதுதான் அலமாரியில் இருந்த ஹாட்பாக் என் கண்ணில் பட்டது. சூட்டை வெளியே விடாத டப்பா, குளிரையும் உள்ளே விடாது அல்லவா? தண்ணீர் ஊற்றி, மூடாமல் ஃப்ரீசரில் வைத்தோம். மேலேயிருந்து மட்டும் உறைந்துகொண்டே போனது. அடி உறைவதற்குள் எடுத்து, காற்று ஒதுங்கிய மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். முதல் தடவை அதை மறந்து வேலைக்குப் போய்விட்டேன். அடிவரை கல்லாகி, கத்தியால் தோண்டி எடுத்ததில் வந்த கீறல்தான் இது. மறுதடவை கண்ணாடிபோலவே வந்தது. ரம்பக் கத்தியால் கோடு கீறித் தட்டியதும் துண்டு துண்டாக உடைந்தது. ஒரு துண்டின் வழியாக என்னைப் பார்த்து, "மூஞ்சி அப்டியே தெரீது. ஒண்ணும் அழகா இல்ல" என்று சிரித்தாய். பிறகு அதை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாய். வெகுநேரம் திறக்கவில்லை. எனக்கு அதைவிட வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

உன் எதிரே தண்ணீர் குடிக்க எனக்கு மனம் வராது. வேலை விட்டு வந்ததும், வாசல் குழாயிலேயே வயிறு நிறையக் குடித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். உனக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் என் ஈரச் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"இன்னாய்யா, திருடனாட்டம் வெளிய நின்னு குடிச்சிக்கினு வர? இங்க உக்காந்து குடி. நீ குடிக்கறத பாத்தா எனக்கு தாகம் ஏறாது. எறங்கும்."

உன் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தேன். ஐஸ் துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, என் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "மெதுவாய்யா" என்றாய். "எனக்கும் சேத்து குடி."

நீ இல்லாத இரண்டாவது கோடை இது. ஐஸ் வைப்பதை விட்டுவிட்டேன். ஆனால் வேலை விட்டு எவ்வளவு தாகத்தோடு வந்தாலும் வாசல் குழாயைத் தொடுவதில்லை. உள்ளே வந்து, உன் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, மெதுவாகத்தான் குடிக்கிறேன். உனக்கும் சேர்த்து.