கூப்பிட்டால் எடுப்பாயா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலியும் அப்பாவின் முன்கோபமும் குறைந்திருக்கும் என நம்புகிறேன். நான் நலம்.

விடுதிக்கு அருகே உள்ள ஜிம்மில் சேரப் போனேன். சேருமுன் நேரம், தூரம், கூட்டம் எல்லாம் விசாரிக்கச் சொன்னாயே, விசாரித்தேன். சாப்பிட்டுவிட்டுப் போகத்தான் மறந்துவிட்டேன். பத்து நிமிடம் ஓடியதும் கண்ணாடியில் என் அழகைப் பார்த்து நானே மயங்கி விழுந்துவிட்டேன். பயப்படாதே, உடனே எழுந்துவிட்டேன்.

பயிற்சியாளர் தண்ணீர் கொடுத்துவிட்டு நான் நிரப்பிக் கொடுத்த சேர்க்கைப் படிவத்தை நீட்டினார். "அவசரம்னா யாரைக் கூப்பிடறதுன்னு காலியா விட்டிருக்கியே தம்பி? பக்கத்துல இருக்கறவங்க நம்பர் எழுது."

யோசித்துப் பார்த்து உன் நம்பரை எழுதினேன்.

"அம்மா பக்கத்துலதான் இருக்காங்களா?"

"ரெண்டு நாள் ரயில்ல வந்தா பக்கம்தான் சார்."

அவர் சிரித்தார். பிறகு, "கூப்பிட்டா எடுப்பாங்கல்ல?" என்றார். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே தலை சுற்றியது. தெரியாத நம்பர் என்றால் நீ எடுக்கவே மாட்டாயே!

ஜிம் நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். 'பயில்வான்' என்று போனில் பதிந்துவை. அப்பா முறைத்தால், பிள்ளை நன்றாகப் படிப்பான் என்று அர்த்தம் சொல்லிவிடு. அதிலிருந்து அழைப்பு வராது. வந்தால் எடு. வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நீயே என்னைக் கூப்பிடு.

வகுப்புக்கு மணியடித்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுத்தான் ஓடுகிறேன்.

உன் பயில்வான்