நாலு ஞாயிறு புதுசு

1994 மார்ச் 9, புதன்

என் பார்லருக்கு மேலே, மூன்றாம் மாடி பில்லியர்ட்ஸ் கூடத்தைக் காலி செய்துவிட்டார்கள். அங்கேயும் சபை வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு இது பதினொன்றாவது. தடுக்கி விழுந்தால் ஏதாவது ஓர் ஆராதனையில்தான் விழ வேண்டும். இருட்டத் தொடங்கியதும் கூரைக்குக் கூரை சிவப்பு நியான் சிலுவை எரிகிறது. புச்சொன் நகரமே கல்லறைத் தோட்டம் மாதிரி இருக்கிறது. இன்று அந்தப் புதுச் சபையின் பாஸ்டரம்மா என் பார்லருக்குள் நுழைந்து, தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் மடியில் எல்லாம் சபைப் பெயர் அச்சடித்த டிஷ்யூ பாக்கெட் வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அருவருப்பாக இருந்தது. டிஷ்யூவை வைத்துக்கொண்டேன், அது வேறு விஷயம்.

மார்ச் 14, திங்கள்

ஜோம்ரே அக்கா வந்தாள். பின்சந்தில், தரைக்குக் கீழே ஒற்றை அறையில் தனியாக இருப்பவள். தையல் ஆலையை விட்டு நின்று மூன்று வருடம். மகன் பூசானில், எப்போதாவது போன். நேற்று மூன்றாம் மாடிக்குப் போனாளாம். முகமெல்லாம் பல்.

சபைக்குப் புதிதாக வருகிறவரை 'புதிய குடும்பம்' என்பார்கள். நெஞ்சில் ரிப்பன் பூ குத்தி, எல்லாரும் எழுந்து கைதட்டிப் பாடி, பாஸ்டர் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு. நாலு ஞாயிறு இந்த உபசாரம். ஐந்தாவது ஞாயிறு, சாப்பிட்டாயா என்று கேட்க நாதி இல்லை. உடனே அக்கா அடுத்த சபைக்குப் போய் மறுபடி புதிதாகிவிடுவாள். இது எட்டாவது!

"அக்கா, உனக்கு வெக்கமா இல்ல?"

"எதுக்குடி வெக்கம்? ஊர்ல சபை பெருகுது, எனக்குக் கொண்டாட்டம். உனக்கேன் வயித்தெரிச்சல்?"

"கைதட்டலுக்காகவா இப்படி அலையிற?"

"பின்ன? நீ தட்டுவியா?" கதவருகே போய்த் திரும்பினாள். "யார்கிட்டயும் சொல்லிடாதடி."

சபைகளை நினைத்தாலும் குமட்டுகிறது, அக்காவை நினைத்தாலும் குமட்டுகிறது.

மார்ச் 23, புதன்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். முடியைச் சுருட்டிப் பெர்ம் போட வந்த ஒருத்தியிடம் அக்கா கதையைச் சொன்னேன். சொன்னது போதாதென்று, ரிப்பன் பூவோடு அவள் நெளிவதை நடித்தும் காட்டினேன். அவள் ரோலரோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "யாரு, பின்சந்து அம்மாவா?" என்றாள். நான் பெயர் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

மார்ச் 28, திங்கள்

அந்தப் பெர்ம்காரி மூன்றாம் மாடி சபைக்குப் போகிறவளாம். எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நேற்று ஆராதனை முடிந்து நூடுல்ஸ் பரிமாறும்போது, கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, "இவங்க எட்டு சபையிலயும் புதுசு! இன்னொரு கிண்ணம் வைங்க, அடுத்த வாரம் வேற கடைக்குப் போயிடுவாங்க!" என்றாளாம். கூடமே சிரித்ததாம். பாஸ்டரம்மாவும், வாயைப் பொத்திக்கொண்டு. அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, குத்திய பூவோடேயே படியிறங்கிப் போய்விட்டாள். இதையெல்லாம் என்னிடம் வந்து சொன்னவளும் அந்தப் பெர்ம்காரியேதான். "சும்மா தமாஷுக்குத்தான்!"

ச்சீ. என்ன மனிதர்கள்! ஆனால் அவர்களைச் சொல்லி என்ன — வாய் யாருடையது?

ஏப்ரல் 1, வெள்ளி

போனேன். அக்கா கதவைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 5, செவ்வாய்

பூசணிக் கஞ்சி வைத்து எடுத்துப்போனேன். மூடிய கதவைத் தட்டி, மல்ஜா வந்திருக்கிறேன் என்றேன்.

"தெரியுது. உன் ஒருத்திகிட்டத்தான்டி சொன்னேன்."

அவ்வளவுதான். கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 11, திங்கள்

பாஸ்டரம்மா மறுபடி டிஷ்யூவோடு வந்தாள். "அந்த அக்காவுக்காக ஜெபிக்கிறோம்" என்றாள்.

"ரெண்டு நிமிஷ நடை. போய்ப் பாத்தீங்களா?"

"அவங்களாத்தானே நின்னுட்டாங்க..."

"ஆள் சேக்க மட்டும் என் கடைக்குள்ள வரத் தெரியுது, இல்ல? கெளம்புங்க."

போய்விட்டாள். அவளைத் துரத்திவிட்டால் நான் யோக்கியமாகிவிடுவேனா?

ஏப்ரல் 16, சனி

மூடின கதவிடம் சொல்லிவிட்டு வந்தேன். "பாலத்துக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு சபை தொறந்திருக்காம். நாளைக்குப் பதினோரு மணிக்கு. நானும் வரேன்." நானா இப்படிச் சொன்னேன்?

ஏப்ரல் 17, ஞாயிறு

பஸ் நிறுத்தத்தில் அக்கா எனக்கு முன்னே வந்து நின்றிருந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டயர் கடைக்கு மேல் மாடி. இன்னும் பெயின்ட் வாடை போகவில்லை. எங்களை எழுப்பி நிறுத்திக் கைதட்டிப் பாடினார்கள். எனக்குப் பிடரியெல்லாம் கூசியது; ஓடிவிடலாம் போல் இருந்தது. சகிக்காத பாட்டு. அக்காவைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், சிரிப்போடு.

பிறகு ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். பெயர், விலாசம், கடைசியில் 'அழைத்து வந்தவர்' என்று ஒரு வரி.

"எட்டு எடத்துலயும் இந்த வரிய எழுதாமத்தான் குடுத்தேன்" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல். பிறகு அந்த வரியில் என் முழுப் பெயரை, 'கூ மல்ஜா' என்று நிறுத்தி நிதானமாக எழுதினாள். எழுதிவிட்டு என் அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"அங்க என் பேர எழுது."

எழுதினேன். நூடுல்ஸ் குழைந்து கூழாகியிருந்தது. இன்னும் மூன்று ஞாயிறு போக வேண்டும்.