வாசலிலிருந்து மேஜை வரை

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நலமாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் அவ்வப்போது தான் இருப்பதை ஞாபகப்படுத்துகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன், நம்பவில்லை. நானும் கண்ணாடிக்கடைக்காரரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று நான் எழுதிய கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. போனில் மழையைப் பற்றியும் உன் மேலதிகாரியின் கஞ்சத்தனத்தைப் பற்றியும் பேசினாய். நானும் அதையே பேசினேன். வேறு எப்படிப் பேசுவோம், நாம் இருவரும் ஒரே அச்சு.

இங்கே ஏற்பாடுகள் நடக்கின்றன. பதிவுக் கல்யாணம்தான், அடுத்த மாதம் பதினெட்டு, காலை பத்து மணி. எங்கள் கல்லூரி நூலகத்தின் மாடியில் பழைய வாசிப்பறை, நாற்பது நாற்காலி. மைக் வேண்டாம், பேண்டு வேண்டாம், இந்த வயதில் ஊரைக் கூட்ட வேண்டாம் என்றேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்ற கண்ணாடிக்கடைக்காரர், சங்கீதமே இல்லாமல் கையெழுத்துப் போட்டால் பார்சல் வாங்கிக்கொண்ட மாதிரி இருக்குமே டீச்சர் என்றார். கடைசியில் ஒரே ஒரு கிடார் என்று சமாதானம் ஆனது.

வாசிக்கப் போகிறவர் ஓர் இசைப்பள்ளி ஆசிரியர், உன்னைவிட நாலைந்து வயது பெரியவர். வலது கை நகங்களை நீளமாக வளர்த்து, அவற்றைத் தேய்க்கச் சட்டைப்பையில் ஒரு துண்டு உப்புத்தாள் வைத்திருக்கிறார். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அறையைப் பார்க்க வந்த அன்று கிடாரை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. மின்விசிறிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். மூணாவது ஃபேனுக்கு அன்னைக்கு லீவு குடுத்துடுங்க மேடம், அதோட கீச்சுக்குரல்கிட்ட என் கிடார் தோத்துடும் என்றார். அப்போதுதான் ஆளைப் பிடித்தது.

கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றும், இடது காலைத் தூக்கி வைக்க ஒரு சாண் உயரத்துக்கு ஏதாவதும் கேட்டார். அவருடைய மடக்குப் படி உடைந்துவிட்டதாம். வாஷ்பேசின் உனக்கு எட்டவில்லை என்று அப்பா செய்துகொடுத்த மரப்படி என் ஞாபகத்துக்கு வந்தது. அளந்து பார்த்தேன், அதே உயரம். ஆனால் உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொடுக்க மனம் வரவில்லை. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது. நான் பாடம் எடுக்கும் புள்ளியியல் புத்தகம் இரண்டை அடுக்கி வைத்துவிடுகிறேன். அவற்றுக்கும் ஓர் உபயோகம் கிடைக்கட்டும்.

அடுத்தது நடை. வாசலிலிருந்து கையெழுத்து மேஜைக்கு நான் வந்து சேரும்வரை வாசிக்க வேண்டும் என்பதால், நடந்து காட்டச் சொன்னார். பத்தொன்பது விநாடி. பரீட்சை ஹால்ல யாரோ பிட் அடிக்கிறதைப் பார்த்துட்டுப் பாய்ஞ்சு போற மாதிரி இருக்கு மேடம் என்றார். கண்ணாடிக்கடைக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். மூன்றாவது முறை நாற்பது விநாடிக்கு வந்தேன். அதற்கும் மேல் மெதுவாக நடந்தால் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிடும்.

கூட யார் வருவாங்க என்று கிடார்காரர் கேட்டார். தனியாகத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இன்னும் முடிவாகவில்லை என்றுதான் வந்தது. தனியா வந்தீங்கன்னா நாற்பது விநாடி, ரெண்டு பேரா வந்தா ஒரு நிமிஷம் ஆகும், ரெண்டுக்கும் ஒவ்வொண்ணு தயார் பண்ணி வெச்சுக்கிறேன், வாசல்ல யார் நிக்கிறாங்கன்னு பார்த்துட்டு ஆரம்பிக்கிறேன் என்றார்.

உனக்குக் கோபமா, வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அவர் படம் கூடத்தில் இருக்கும் இடத்திலேயே இருக்கும். அதை நான் கேட்பதற்கு முன்பே சொன்னவர் கண்ணாடிக்கடைக்காரர். ஏழு வயதில் உனக்கு முதல் கண்ணாடி மாட்டிவிட்டபோது அங்கிள் என்று கூப்பிட்டாய். அப்படியே கூப்பிடு. அவர் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. உன் இரண்டு கண்ணின் பவரையும் மட்டும் இன்னும் மனப்பாடமாகச் சொல்கிறார்.

லீவு கிடைக்காவிட்டால் புரிந்துகொள்வேன். நாற்பது விநாடி தனியாக நடப்பது எனக்குப் பெரிய காரியமில்லை, பழக்கம்தான். ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்கானதைக் கிடார்காரர் ஒரு முறை வாசித்துக் காட்டினார். நன்றாக இருந்தது. நடக்க மறந்து வாசலிலேயே நின்று கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதே. எங்கே இருந்தாலும் நிம்மதியாக இரு, அதுதான் என் ஆசை. பதினெட்டாம் தேதி ஒன்பதே முக்காலுக்கே வாசலுக்கு வெளியே வந்து நின்றிருப்பேன். பத்து தாண்டினாலும் பரவாயில்லை. அன்றைக்கு எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

என்றும் உன்
அம்மா