கவுதாரி ஏமாறாத பெட்டி

என் அண்ணே, என்னைச் சீண்டாமல் ஒருவேளைச் சோறும் இறங்காதவனே,

உன் கவுதாரிப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். கத்தாதே. வேட்டைக்கு இல்லை. நம் கொல்லையில் மக்காச்சோளம் கதிர் பிடித்து நிற்கிறது. காட்டுப்பன்றி கூட்டமாகப் புகுந்து சோளத்தட்டையைச் சாய்த்துவிட்டுப் போகிறது. அதை விரட்டத்தான்.

நீ அந்தப் பெட்டியைச் செய்த நாட்களை நினைத்தால் எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்தே வருகிறது. செந்துறைத் தடத்தில் நீ ஓட்டிய மினிபஸ்ஸில் பாட்டுப் பிளேயரை மாற்றியபோது பழையதைக் கேட்டு வாங்கி வந்தாய். மைக்செட்காரர் கழித்துப் போட்ட குழாய் ஸ்பீக்கர் ஒன்று, பைக் பேட்டரி ஒன்று, எல்லாவற்றையும் அடக்க அம்மாவின் எண்ணெய் டின். அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்து வீடு முழுக்கப் புகை. மெமரி கார்டு மட்டும்தான் கடையில் வாங்கியது. அதையும் என்னிடம் சொல்லிச் சொல்லிப் பெருமை அடித்தாய்.

பழக்கிய கவுதாரியைக் கூண்டோடு வேலியோரம் வைப்பார்கள். அது கூப்பிடும், தன் இடத்தில் இன்னொன்றா என்று காட்டுக் கவுதாரி சண்டைக்கு வரும், கண்ணியில் மாட்டும். கூண்டுப் பறவைக்குப் பதிலாக அதன் குரலை மட்டும் கொண்டுபோய் வைத்தால் போதும் என்பது உன் திட்டம். கவுதாரி பிடிப்பது குற்றம், வனத்துறைக்காரர் ஒருமுறை எச்சரித்துவிட்டார், இன்னும் என்ன என்று நான் கேட்டேன்.

"நான் எங்கடி புடிக்கிறேன், கூப்புடத்தான செய்றேன். வரதும் வராததும் அது இஷ்டம்" என்றாய். உன்னோடு யார் பேசி ஜெயிப்பது?

ஆனால் ஒரு கவுதாரிகூடப் பெட்டிக்கிட்டே வரவில்லை. ஏன் வரும்? நீ கூண்டில் வளர்த்த கவுதாரி, அம்மா கரையான் கொண்டுவந்து கொடுக்கும்போது மட்டும்தான் வாயைத் திறக்கும். அம்மாவால் வாயை மூடிக்கொண்டு கரையான் கொடுக்க முடியாது. அவள் பேச, அது கூப்பிட, நீ அவளை அடக்க, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவானது. எங்கே வெட்டினாலும் பறவையின் குரலும் சேர்ந்து போனது. வேலிவரை வந்த கவுதாரிகள் மனுசக் குரல் கேட்டதும் திரும்பி ஓடின. நீ ரோசத்தில் பெட்டியைப் பரணில் ஏற்றினாய். அடுத்த வருசம் நீயே இல்லை. நெஞ்சு வலித்ததும் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்தாய் என்று சொன்னார்கள். ஏறியிருந்த ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. எப்படி அண்ணே முடிந்தது அது உன்னால்?

சரி, விசயத்துக்கு வருகிறேன். உன் மச்சான், அதாவது என்னைக் கட்டியவர், மோட்டார் கொட்டகையில் ஒரு சுருள் கட்டுக்கம்பி கொண்டுவந்து வைத்துவிட்டார். கொல்லையைச் சுற்றிக் கட்டி ராத்திரிக்கு மட்டும் கரண்டு கொடுக்கப் போகிறாராம். அம்மா இன்னும் விடிவதற்கு முன்பே ஆட்டுக்குத் தழை ஒடிக்க அந்தக் கொல்லை வழியாகத்தான் போகிறாள். சொன்னால் நிற்கிற ஆளா அவள்?

"காலையில நானே போயி கழட்டிடுவேன்" என்றார்.

"ஒரு நா மறந்துட்டா?" என்றேன்.

"மறக்க மாட்டேன்டி."

"ஒரு நா காய்ச்சல்ல படுத்துட்டா?"

பாதிக் கொல்லை சாய்ந்து கிடக்கும்போது அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. நட்டதிலிருந்து அதன் பின்னாலேயே அலைந்தவர் அவர். கொஞ்ச நாள் பொறுங்கள், சத்தம் போட்டு விரட்டிப் பார்க்கிறேன் என்று கெஞ்சி அவகாசம் வாங்கினேன்.

முதலில் என் போனில் நாய் குரைப்பதைப் போட்டுக் கட்டித் தொங்கவிட்டேன். அப்புறம் வெடிச்சத்தம். பன்றிகள் இரண்டு மூன்று நாள் தயங்கின, பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தின்றன. "பன்னி உன்னைவிட வெவரம்" என்று உன் மச்சான் சொல்லிவிட்டுக் கம்பிச் சுருளை எடுக்கப் போனார். அப்போதுதான் உன் பெட்டி ஞாபகம் வந்தது. அதன் குழாயில் சத்தம் பெரிதாக வருமே என்று நினைத்தேன். கார்டில் என்ன இருந்தது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

பைக் பேட்டரியைக் கழற்றி மாட்டி, களத்தில் வைத்து அமுக்கினேன். முதலில் கவுதாரி கூப்பிட்டது. அதன்மேல் அம்மா.

"இந்தா, கரையான் கொண்டாந்திருக்கேன். கத்துவியா, கத்த மாட்டியா?"

"அம்மா, செத்த வாய மூடேன். பதிவாவுது." அது நீ.

"ஏன்டா, என் வூட்டுல நான் பேசக்கூடாதா? மொதல்ல நீ வந்து சோத்தத் தின்னு."

நான் அணைத்துவிட்டேன். உன் மச்சான் கம்பிச் சுருளைத் தோளில் போட்டபடி அப்படியே நின்றார். பிறகு சுருளைக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னார். "பன்னி மனுசச் சத்தத்துக்குத்தான் பயப்படும். இதப் போட்டா நிக்கும். ஆனா அத்தைக்குக் கேக்குமே."

கேட்கும். அம்மாவின் வீட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்தால் நம் சோளம்தானே. நீ போனதிலிருந்து அவள் மினிபஸ் வரும் நேரத்தில் ரோட்டுப் பக்கமே போவதில்லை. உன் பேரை யாராவது சொன்னால் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். அவள் காதில் உன் குரலைப் போடுவதா, அவள் நடக்கிற வழியில் கரண்டு கம்பி போடுவதா? அண்ணே, இப்படி ஒரு கேள்வி யாருக்கும் வரக்கூடாது.

கேட்டுவிடலாம் என்று போனேன். கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். தலை நிமிராமலே கேட்டாள்.

"அதுல நானும் இருக்கனா?"

"இருக்க."

"என்னா சொல்றேன்?"

"அண்ணனைத் திட்டுற. சாப்பிடக் கூப்புடுற."

கையிலிருந்த காயை உரித்து முறத்தில் போட்டாள். "போடு. கம்பி வேணாம். பன்னியா இருந்தாலும் அதுக்கும் தாய் இருக்கும்" என்றாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் வாசலிலேயே அழுதேன், அண்ணே. நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை.

அன்று பொழுது சாயும்போது வைத்தோம். மறுநாள் காலையில் ஒரு தட்டைகூடப் புதிதாகச் சாயவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் இல்லை. கவுதாரிகளை விரட்டிய அதே சண்டை பன்றிகளையும் விரட்டியது. நீ இருந்திருந்தால் இதற்காகவே செய்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாய். உன் மச்சான் கம்பிச் சுருளைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஆனால் பன்றி பன்றிதான். போன வாரம் வரப்போரம் மறுபடியும் கால்தடம். ஒரே பேச்சு, ஒரே இடம், அவை கண்டுபிடித்துவிட்டன. கதிர் முற்ற இன்னும் நாள் இருக்கிறது. உன் மச்சான் மறுபடி கம்பியைப் பற்றி நினைப்பதற்குள் என்ன செய்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது அம்மாவே வந்தாள்.

"புதுசாப் பேசிக் குடுக்கறேன். பதிவு பண்ணு."

என் போனைப் பிடித்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். வேலியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். என் மகன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுததை, வெள்ளாடு ரெட்டைக்குட்டி போட்டதை, மினிபஸ்ஸுக்கு வந்திருக்கிற புது டிரைவர் வளைவில் வேகமாகத் திருப்புவதை. யாரோ எதிரில் இருப்பதுபோல "ஏன்டா, நான் கேக்கறது காதுல வுழுவுதா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நிறுத்தினாள். பதிவு முடிந்துவிட்டதோ என்று நான் போனை எடுக்கப் போனேன். கையைக் காட்டித் தடுத்தாள். அவள் காத்திருந்தது உனக்காக என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுப்பாயோ அவ்வளவு நேரம் விட்டு, "ஆங், அப்படிச் சொல்லு" என்று மறுபடி தொடங்கினாள்.

அதைக் கார்டில் ஏற்றி உன் பெட்டியில் போட்டேன். இப்போது கொல்லையில் அதுதான் ஓடுகிறது. பன்றி வரவில்லை.

இந்த வெள்ளாமையில் மட்டுமில்லை, நான் இருக்கிறவரை நம் கொல்லையில் கரண்டு கம்பி ஏறாது. அம்மா எப்போது வந்து பதிவு பண்ணு என்றாலும் எந்த வேலையிலிருந்தாலும் போனை எடுத்துக்கொண்டு உட்காருவேன். அவள் விடுகிற இடத்தில் குறுக்கே பேச மாட்டேன். அது உன் இடம்.

உன்னோடு சண்டை போடவே உனக்குப் பின்னால் பிறந்த
உன் தங்கச்சி